வெட்டப்பட்ட பதினோரு பக்கங்கள்

இருபது வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளை நான் அதிகம் திட்டியது ஒரே குற்றத்துக்காகத்தான்: பாடத்தைப் படிக்காமல் நோட்ஸை மட்டும் படித்துவிட்டு வருவது. மூலத்தைத் தொடாதவர்கள் என் வகுப்பில் வாயே திறக்கக் கூடாது என்பேன். அதே குற்றத்தை என் மகள் விஷயத்தில் நான் செய்தேன்.

அவள் பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தாள். செமஸ்டர் நடுவில் திடீரென்று போவதை நிறுத்திவிட்டாள். காரணம் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா." சாப்பிடக் கூப்பிட்டால் "வேணாம்மா." இந்த இரண்டு பதில்களுக்கு மேல் அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. கெஞ்சினேன், கத்தினேன், ஒருநாள் அவள் அறை வாசலில் உட்கார்ந்து அழவும் செய்தேன். அவள் அப்பாவுக்கு ஓசூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். அக்கம்பக்கத்தில் ஸ்டடி ஹாலிடேஸ் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அவள் வாய் ஓயாமல் பேசிய விஷயம் முன்பு ஒன்று இருந்தது. ஒரு ஜப்பானிய லைட் நாவல் வரிசை. கைக்கு அடக்கமான நான்கு புத்தகங்கள், இடையிடையே படங்கள், ஆங்கில மொழிபெயர்ப்பு. அதையே பன்னிரண்டு எபிசோட் அனிமேயாகவும், அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடராகவும், எடுத்திருந்தார்கள். புத்தகத்தில் இருந்தது படத்தில் எங்கே போயிற்று என்று சாப்பாட்டு நேரத்தில் சண்டைக்கு நிற்பாள். நான் ம் கொட்டிக்கொண்டே விடைத்தாள் திருத்துவேன். இப்போது அந்தச் சண்டைக்காக ஏங்கினேன்.

நாலு புத்தகம் யார் படிப்பது? முடிச்சூரிலிருந்து படப்பையில் இருக்கும் என் பள்ளிக்குப் போகும் பஸ்ஸில், போனில் ஒரு வாரமாக அனிமேயைப் பார்த்து முடித்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் தொலைந்துபோன பொருள்களை வைக்கும் அறையைக் கவனித்துக்கொள்ளும் பையனின் கதை. குடையும் செருப்பும் தேடி வருகிறவர்கள், அவர்களோடு வரும் கூத்துகள். நன்றாகவே சிரித்தேன்.

முடித்த அன்று மாலை தோசையை வைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தேன். "அந்தப் பையன் ஏன்டி இவ்ளோ திமிரா இருக்கான்? யார் கேட்டாலும் பதில் சொல்ல மாட்டேங்கிறான். ஆனா அந்த மொட்டை மாடி சீன் ரொம்ப அழகு. சூரியன் இறங்கறதும், அந்த வயலினும்... கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "நீ அனிமே மட்டும்தான் பார்த்தியா?"

"ஆமா."

"சரி, விடும்மா."

தோசையைத் தொடாமல் எழுந்து போனாள். இந்த ரசிகர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. புத்தகம் படித்தவர்கள் ஒரு பக்கம், படம் மட்டும் பார்த்தவர்கள் ஒரு பக்கம். இரண்டாவது கூட்டத்தின் கருத்தை யாரும் மதிப்பதில்லை. சின்னப் பிள்ளைத்தனம் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்த சில நாட்களில் அவளே என்னிடம் வந்தாள். வீட்டில் போன் வேலையெல்லாம் அவள்தான் செய்வாள். "இங்க வாம்மா, கேஸ் புக் பண்றது எப்படின்னு காட்டறேன்" என்றாள். கரண்ட் பில் கட்டுவது, ரீசார்ஜ் செய்வது எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். பாஸ்வேர்டுகளைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். "இனிமே நீயே பண்ணிக்கலாம்." எனக்குத் தலைகால் புரியவில்லை. பொண்ணு தேறிவிட்டாள் என்று அவள் அப்பாவிடம் போனில் பீற்றிக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷத்தில், அட்டையில் மொட்டை மாடிப் படம் போட்டிருந்த மூன்றாவது புத்தகத்தை அவளுக்குத் தெரியாமல் பள்ளிக்கு எடுத்துப் போனேன். மதியம் ஒரு பீரியட் ஓய்வு. மாடிக் காட்சியைத் தேடிப் பிரித்தேன்.

புத்தகம் முழுக்க அந்தப் பையன் பேசுகிறான். வெளியே வாயைத் திறக்காதவன் உள்ளே ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறான். நான் திமிர் என்று நினைத்தது, அவனால் வாயைத் திறக்க முடியாத தவிப்பு. படத்தில் அரை நிமிடம் வந்த மாடிக் காட்சி இங்கே பதினோரு பக்கம். படத்தில் அவன் சிரித்தபடி ஒவ்வொரு பொருளுக்கும் சீட்டு எழுதி ஒட்டிவிட்டு மாடிக்குப் போவான். புத்தகத்தில் அந்தச் சீட்டுகள் ஏன் என்று சொல்கிறான். நாளையிலிருந்து நான் இருக்க மாட்டேன், வருகிறவர்கள் தடுமாறக் கூடாது என்கிறான்.

அந்த வரியில் என் கண் நின்றது. ஃபிரிட்ஜில் ஒட்டிய தாள் ஞாபகம் வந்தது.

அவளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸிடம் ஏதோ உளறிவிட்டு ஓடி வந்து பஸ் ஏறினேன். மறுபடி போட்டேன், மறுபடி. மண்ணிவாக்கத்தில் வண்டிகள் அசையாமல் நின்றன. கீழ் வீட்டு அக்காவைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. எழுதுவதற்கே கூசுகிறது: என்ன சொல்வது, என்ன நினைப்பார்கள் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளையின் உயிரைவிட ஸ்டடி ஹாலிடேஸ் என்ற பொய் எனக்குப் பெரிதாக இருந்தது.

பிறகு கூப்பிட்டேன். "அக்கா, மேல போய் என் பொண்ணைக் கொஞ்சம் பாருங்க. அவ சரியில்லக்கா. எனக்கு பயமா இருக்கு."

"இன்னாம்மா சொல்ற? தோ, போறேன் இரு." மூச்சு வாங்கப் படியேறுவது கேட்டது. கதவைத் தட்டும் சத்தம். "தொறக்க மாட்டேங்குதேம்மா. பாப்பா! ஏ பாப்பா!" தட்டிக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்க நான் வாய்விட்டு அழுதேன். எத்தனை நேரம் ஆயிற்றோ. "தொறந்துச்சும்மா. கீது, இங்கதான் கீது. நா கூடவே குந்திகினு கீறேன், நீ பதறாம வா."

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அக்கா அவள் கையைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார். நான் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தேன்.

"எதுவரைக்கும் படிச்ச?" என்றாள்.

"அவன் ஏன் சீட்டு எழுதறான்னு சொல்ற வரைக்கும். அதுக்கு மேல படிக்க முடியலடி."

அவள் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவன் உள்ளுக்குள்ள பேசறதை எழுத ஒருத்தர் இருந்தாங்க. நீ பேசறது எந்தப் புத்தகத்துலயும் இல்லையே. நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும். உனக்கும் சாகணும்னு தோணுதா?"

"ஆமாம்மா" என்றாள்.

வழியெல்லாம் எந்தச் சொல் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்தேனோ அதைத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டாள். வாத்தியார் வாய் எனக்கு. நூறு புத்திமதி வந்து தொண்டையில் நின்றது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "முதல்லேர்ந்து சொல்லு" என்று அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன்.