இசக்கிசெல்வியின் கட்டியும் அண்ணன் வீட்டுச் சம்பந்தமும்

"என் ரத்தம் கெட்ட ரத்தம்னா உன் ரத்தம் மட்டும் எந்தக் கடையில வாங்கினது அண்ணே? ரெண்டு பேரும் ஒரே வயித்துலதானே கிடந்தோம்!"

இசக்கிசெல்வி கத்தியது கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி நான். எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கில்லை. நேரே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

செல்வி சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. புருஷன் ஓடிப்போன பிறகு, மசாலாச் சரக்குக் கிட்டங்கியில் சுக்கு பொறுக்கித் தரம்பிரிக்கிற கூலிக்குப் போய் மகள் வசந்தியை வளர்த்தாள். அண்ணன் சிவசங்கரனுக்கும் கொச்சிதான், தேவராப் பக்கம் சாயாக்கடை. வசந்தி பிறந்தபோதே அவன் மகன் நிகிலுக்கு என்று பேசி வைத்ததுதான். கல்யாணம் நெருங்கும்போது செல்விக்குக் குடலில் புற்றுநோய்க் கட்டி. அறுத்து எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு எட்டிப் பார்க்காத அண்ணன், சம்பந்தத்தை முறிக்க மட்டும் மகனோடு வந்து நின்றான்.

"தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும். ரத்தத்துல உள்ளது" என்றான். அதற்குத்தான் செல்வி அப்படிக் கத்தினாள்.

வசந்தி பொறுமையாகத்தான் சொன்னாள். "மாமா, டாக்டர் சொன்னதைக் கேளுங்க. எல்லார் டி.என்.ஏ.க்குள்ளயும் இடம்விட்டு இடம் தாவுற துண்டுக இருக்கு. உங்களுக்கும் இருக்கு. முக்காவாசி சும்மா கிடக்கும். ஒண்ணு ரெண்டு தன்னையே நகல் எடுத்து வேற இடத்துல போய்ச் சொருகிக்கும். அம்மா குடல்ல, கட்டி வராமத் தடுக்குற ஜீனுக்கு நடுவுல சொருகிடுச்சு. கட்டியில மட்டும்தான் அது இருக்கு. அம்மா ரத்தத்தையும் பார்த்தாங்க, அதுல இல்ல. நான் பொறந்து எத்தனையோ வருஷம் கழிச்சு நடந்தது எனக்கு எப்படி வரும்?"

"டாக்டர்மாரு ஆயிரம் பறைவாங்க, சொல்றதெல்லாம் நெசமா?" என்றான் சிவசங்கரன்.

"உன் மண்டையில ஒரு துண்டு தப்பா தாவியிருக்கு சிவசங்கரா, போய்க் காட்டு" என்றேன்.

"கிழவி, இது குடும்ப விஷயம்."

"கத்தினது ஊருக்கே கேட்டாச்சு. என்னடா குடும்பம்?"

நிகில் வாசலில் போனை நோண்டிக்கொண்டிருந்தான். வசந்தி அவனிடம் போனாள். "நீ சொல்லு."

"அப்பா சொல்றது..." என்று இழுத்தான்.

"அப்போ உங்கப்பாவையே கட்டிக்கோ."

அவர்கள் போனதும் செல்வி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மறுவாரம் தையல் முழுசாக ஆறாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு எறணாகுளம் போனாள். கல்யாணத்துக்கு வசந்திக்குத் தாய்மாமன் எடுத்துத் தர வேண்டிய பட்டுச்சேலையைத் தானே எடுத்து வந்தாள்.

"மாப்பிள்ளையே இல்லையேடி" என்றேன்.

"சேலை என்ன, ஊசிப் போற சாமானா அக்கா?"

மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய்.