ஒன்று நிற்க, இரண்டு போக

யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்கு ஓடும் அந்த பஸ்ஸின் மணி அறுந்து பத்தொன்பது வருடமாகிறது. புது மணி தேவைப்படவில்லை. நடத்துநர் அப்புத்துரை இரண்டு விரலை வாயில் வைத்தால் போதும்: ஒரு விசிலுக்கு நிற்கும், இரண்டுக்குக் கிளம்பும். வழியிலுள்ள சரவணைக் கிராமத்தில் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் பலர் செருப்பையே தேடுவார்கள்.

அவருடைய இடது காதின் கீழே ஒரு கட்டி. ஆறு வருடத்துக்கு முன் புளியங்கொட்டை அளவு, இப்போது நெல்லிக்காய். நோவில்லை. "ரிக்கற் எடுக்காமல் வாற ஆள். ஒரு கரைச்சலும் இல்லை, இருக்கட்டும்" என்பார். மனைவி பரிமளம்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

ஊசியால் உறிஞ்சி எடுத்ததை நுணுக்குக்காட்டியில் பார்த்து முடிவு வந்தது. டொக்டர் லோஜனா சொன்னார்:

"புற்றுநோய் இல்லை ஐயா. உமிழ்நீர்ச் சுரப்பியில வாற சாதுவான கட்டி. சுரப்பிக் கலமும் இருக்கு, குருத்தெலும்பு மாதிரி ஒண்டும் கலந்து கிடக்கு."

"எங்கட பஸ் மாதிரித்தான் டொக்டர். ஆளும் ஏறும், ஆடும் ஏறும்."

லோஜனா சிரித்துவிட்டார். "ஆனா அப்பிடியே விட ஏலாது. கனகாலம் கிடந்தால் புற்றுநோயா மாறக்கூடும். கட்டியைச் சுத்தியிருக்கிற உறைக்கு வெளியாலயும் மொட்டு மொட்டா நீட்டியிருக்கும். கட்டியை மட்டும் தோண்டினால் திரும்ப முளைக்கும். சுத்திவர இருக்கிற சுரப்பியோட எடுக்கவேணும். முகத்து நரம்பு அதுக்குள்ளாலதான் போகுது. அதில பட்டுதெண்டால் வாய் ஒரு பக்கம் கோணும்."

அப்புத்துரையின் சிரிப்பு நின்றது. "அப்ப விசில்?"

"கவனமாத்தான் செய்வம்."

அது 'ஓம்' இல்லை என்பது அவருக்கு விளங்கியது.

சத்திரசிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் மத்தியானம், சாரதி ரஜீபன் பஸ்ஸை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு ஆசனத்திலேயே இருந்தான். பரிமளத்தோடு பயணிகள் பதினான்கு பேரும் இறங்கி வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். சுகம் விசாரிக்காமல் அந்தத் தெருவைக் கடக்க அவர்களுக்கு மனம் வராது.

"புருவத்தை உயர்த்துங்கோ. கண்ணை இறுக்கி மூடுங்கோ. பல்லைக் காட்டுங்கோ." எல்லாம் சரியாக இருந்தது. "இப்ப மெதுவா ஒருக்கா விசிலடியுங்கோ" என்றார் லோஜனா.

மெதுவாக விசிலடிக்க அப்புத்துரைக்குத் தெரியாது. இரண்டு விரலை வாயில் வைத்தார். வார்டே அதிர்ந்தது. சந்தோசம் தாங்காமல் இன்னுமொன்று அடித்தார்.

வெளியே எஞ்சின் உறுமியது. சன்னலுக்கு அப்பால் பஸ் நகர்ந்தது.

"ஐயோ, ரஜீபன் போட்டான்!" என்றார் பரிமளம்.

"என்ர ஆடு உள்ளுக்கை!" என்று ஒருவர் கத்த, பதினான்கு பேரும் இடித்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார்கள்.

"டொக்டர், இன்னும் ஒண்டே ஒண்டு!" என்று அப்புத்துரை விரலை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார்.

"தையல் ஐயா, தையல்!" என்றார் லோஜனா. ஆனால் ஓடிப்போய்ச் சன்னலை அகலத் திறந்துவிட்டவரும் அவர்தான்.

சந்தியில் பிரேக் கிறீச்சிட்டது.