மூன்றாவது கியரில் ஒரு காடு

ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்கு ஓடிக்கொண்டே தூங்கும் ஒரு வேகம் உண்டு. அதற்குக் கீழே போனால் இருமும், மேலே போனால் பல்லைக் கடிக்கும். நடுவில் விரல் அகலத்துக்கு ஓர் இடம். எஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் அங்கே வந்து நின்றதும் வண்டி தன்னை மறந்து போய்க்கொண்டிருக்கும், கூடவே நாமும். மழைக்காலம் தொடங்கும் முன் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தேன்.

என்னுடையது சென்னையிலிருந்து எங்கள் தீவுக்குக் கப்பலில் வந்த நானூறு சிசி டூரிங் பைக். நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓடுவதற்கென்றே செய்தது. ஜங்லிகாட் ஒர்க்‌ஷாப்பில் செயினை இறுக்கக் கொடுத்தபோது மெக்கானிக் டாங்கைத் தட்டிப் பார்த்து, "இவ்ளோ பெரிய வண்டிய வெச்சுக்கிட்டு எங்க மேடம் போவீங்க, கடலுக்குள்ளயா?" என்றார். போக ஓர் இடம் இருந்தது, வடக்கே இன்னொரு தீவில். ரங்கத்.

அங்கே அக்காவுக்குக் குழந்தை பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அத்தானுக்குக் கப்பலில் வேலை. நிக்கோபார் பக்கம் போயிருந்தார். பச்சைப் பிள்ளையோடு அக்கா தனியாக இருந்தாள். அம்மா போயாக வேண்டும். ஆனால் பஸ்ஸில் ஏறினால் இரண்டாவது வளைவிலேயே அம்மாவுக்குக் குமட்டும். கப்பலென்றால் ஜெட்டியைப் பார்த்ததுமே. பைக் பின்சீட்டில் மட்டும் ஒன்றும் செய்யாது, முகத்தில் காற்று அடித்தால் போதும். சிக்கல் பாதத்தில் இருந்தது. சர்க்கரை அவள் பாதங்களில் பாதி உணர்வை வாங்கிக்கொண்டுவிட்டது. வண்டியின் அதிர்வு ஏறினால் மீதியும் மரத்துப்போய், அன்று சாயங்காலம்வரை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள்.

"கால் செத்துப்போயி அங்க போய் இறங்கினா, உங்கக்கா பிள்ளையத் தூக்குவாளா என்னையத் தூக்குவாளா?" என்று கேட்டாள். கால் மரக்காத வேகம் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். பைக் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் கராச்சர்மா வீட்டிலிருந்து கிளம்பி சிடியாடாப்பு கடலோர ரோட்டுக்குப் போவோம். வண்டி டாப் கியரில் போகும். அம்மா பாதத்தை ஃபுட்ரெஸ்டில் ஊன்றி, உள்ளங்காலில் என்ன நடக்கிறது என்று என் காதருகே செய்தி வாசிப்பாள். "எறும்பு" என்றால் லேசான அதிர்வு. "ஈ" என்றால் அதற்கு மேல். மெயின்லாண்ட் ஆட்கள் இணையத்தில் ஐயாயிரம் ஆர்பிஎம்தான் சொர்க்கம் என்று எழுதியிருந்ததை நம்பி நல்ல ரோட்டில் ஒருமுறை முறுக்கினேன். "தேன்கூட்டுல கால வெச்ச மாதிரி இருக்குடி, பஸ் கரோ, போதும்" என்று முதுகில் ஓங்கிக் குத்தினாள்.

அப்புறம் ஒரு காலை. மணிக்கு எழுபது கிலோமீட்டர், முள் மூவாயிரத்து அறுநூறில் நிற்கிறது. பின்னாலிருந்து சத்தமே இல்லை. என்னம்மா என்று கேட்டேன். கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தால், வாயை லேசாகத் திறந்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எறும்பும் இல்லை, ஈயும் இல்லை. பக்கத்தில் தண்ணீர் அப்போதுதான் நிறம் மாறிக்கொண்டிருந்தது. எங்களுக்குக் கீழே எஞ்சின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. ரோடுதான் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்ததே தவிர நாங்கள் அசையவில்லை என்று தோன்றியது. எழுபதில் போனால் போதும் என்று முடிவுகட்டினேன். அடுத்த வாரமே கிளம்பிவிட்டோம்.

ஜிர்காடாங் செக்போஸ்டில் வரிசையில் நின்று பேப்பரைக் காட்டும்போதுதான் உறைத்தது. இதற்கு மேல் ஜாரவா பழங்குடி மக்களின் காடு. வண்டிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, போலீஸ் வண்டியை முன்னால் விட்டு, கான்வாயாகத்தான் அனுப்புவார்கள். முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, நாற்பதைத் தாண்டக் கூடாது. இங்கே பிறந்து வளர்ந்த யாருக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரிந்த விஷயம். நானோ மெயின்லாண்ட்காரர்களின் நெடுஞ்சாலைக் கணக்கைப் படித்துப் படித்து, நம் ரோட்டில் வேகத்தைத் தீர்மானிப்பது கைப்பிடி இல்லை, கான்வாய் என்பதையே மறந்துபோயிருந்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. கேட் திறந்தது.

நாற்பதில் நான்காவது கியர் போட்டேன். முள் இரண்டாயிரத்து ஐந்நூறை ஒட்டி ஆடியது. எஞ்சின் அடங்கிப் போனால் அதிர்வும் அடங்கும், சத்தம் குறைந்தால் காலுக்கு இதம் என்பது என் நினைப்பு. மரங்கள் இரண்டு பக்கமும் எழுந்து வானத்தை மூடின. வெளிச்சம் பச்சையாகக் கசிந்தது. ஈர இலையின் மணம். யாருடைய வீட்டுக்குள்ளோ செருப்போடு நடப்பதுபோல ஒரு கூச்சம் எனக்கு எப்போதும் அந்த ரோட்டில் வரும். அன்று அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. வண்டி இருமிக்கொண்டே இருந்தது.

"எறும்புடி" என்றாள் அம்மா.

கொஞ்சம் மெதுவாக்கினேன். இன்னும் மோசம்.

"கரண்டக்கால் வரைக்கும் ஏறிடுச்சு. கொஞ்சம் நிறுத்து."

"இங்க நிறுத்த முடியாதும்மா."

"தெரியும்" என்றாள். அந்தக் குரலில் கோபமே இல்லாததுதான் என்னைக் கலக்கியது. ரங்கத் வேண்டாம், அக்கரைக்குப் போனதும் அடுத்த கான்வாயிலேயே திரும்பிவிடலாம் என்று அவள் மனசுக்குள் முடிவெடுப்பது என் முதுகுக்குத் தெரிந்தது.

அந்தச் சிடியாடாப்புக் காலை நேரத்தை மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கடல், காற்று, எழுபது. அன்று அவள் காலைத் தூங்கவைத்தது எழுபதா? எழுபது ரோட்டுக்குச் சொந்தம். அவள் காலுக்கு வந்தது எஞ்சினின் அதிர்வு அல்லவா? எஞ்சினுக்கு ரோட்டைப் பற்றி என்ன தெரியும், அதற்குத் தெரிந்தது தன்னுடைய சுற்று மட்டும்தான்.

மூன்றாவது கியருக்கு இறக்கினேன். சத்தம் குப்பென்று ஏறியது. முன்னால் போன டெம்போக்காரர் கண்ணாடியில் முறைத்தார். கியரை மாற்றத் தெரியாத பொண்ணு என்று நினைத்திருப்பார். முள் ஏறி மூவாயிரத்து அறுநூறைத் தொட்டது. வேகம் அதே நாற்பது.

இருமல் நின்றது.

டெம்போவுக்கும் எனக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டேன், அவர் பிரேக் அடித்தாலும் என் முள் அசையாதபடி. பெட்ரோல் அதிகம் குடிக்கும், குடிக்கட்டும். ஏற்றமும் வளைவும் வந்து வந்து போயின. அந்த ஒரே சுருதி மட்டும் எங்களுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. பச்சை வெளிச்சத்தில் நீந்துவதுபோல இருந்தது; மரங்கள்தான் கான்வாயாக எங்களைக் கடந்து போயின.

"இந்தச் சத்தம் நல்லாருக்கு" என்றாள் அம்மா. "இதையே வெச்சுக்க."

"எறும்பு?"

"இருக்கு. இறங்கிட்டு இருக்கு."

கொஞ்ச நேரத்தில் அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் மெல்ல வந்து இடித்தது. தூங்கிவிட்டாளோ என்று பயந்து அவள் தொடையைக் கிள்ளினேன். கண்ணை மூடியிருக்கிறேன், அவ்வளவுதான் என்று அதட்டினாள்.

மிடில் ஸ்ட்ரெய்ட்டில் காடு முடிந்து தண்ணீர் வந்தது. அக்கரைக்குப் போகும் ஃபெர்ரியில் வண்டியை ஏற்றிவிட்டு அவளைக் கம்பியோரம் நிறுத்தினேன். ஒரு கையால் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி, இரும்புத் தளத்தில் ஒவ்வொரு பாதமாக அழுத்திப் பார்த்தாள். நான் அலையாத்திக் காட்டைப் பார்ப்பதுபோல நின்றேன்.

ஃபெர்ரி பாராடாங்கைத் தொட்டுப் பலகை இறங்கியது. எனக்கு முன்னால் ஒரு லாரியும் இரண்டு ஜீப்பும் இறங்க வேண்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அம்மா கம்பியருகில் இல்லை. மேட்டின் மேலே, ஜெட்டிக் கடை வாசலில் நின்றிருந்தாள். எதையும் பிடிக்காமல், ஹெல்மெட்டைக் கூடைபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டு. நான் வண்டியை ஏற்றிக்கொண்டு வருவதற்குள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"சலோ, சலோ" என்றாள். "அங்க பிள்ளை குளிக்காம கிடக்கும்."