சுருளிப்பட்டிக்கு எழுதிய மறுப்புக் கடிதம்

அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி. ஆசிரியைப் பயிற்சி முடித்து உத்தமபாளையத்தில் வீட்டோடு இருந்த என்னை, சுருளிப்பட்டியில் புதிதாகத் தொடங்கவிருந்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தார்கள். தினமும் அவ்வளவு தூரம் மாட்டுவண்டியில் போய்வர முடியாதென்று பணிவாகக் கடிதம் எழுதினேன். எழுதிய கையோடு மறந்தும் போனேன்.

இரண்டு வருடம் கழித்து, ஆடி அமாவாசைக்குச் சுருளி அருவிக்குப் போகும் வழியில், அந்த ஊரில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். பேச்சுவாக்கில் நான் யாரென்று சொன்னதும் அந்த வீட்டு அம்மாள் திகைத்து நின்றுவிட்டார்.

“வர முடியாதுன்னு எழுதுன டீச்சரம்மா நீங்கதானா? நீங்க இங்கனயே தங்கிக்கிறதுக்குன்னு ஒரு அறைய வெள்ளையடிச்சு வச்சிருந்தோமே!”

“பள்ளிக்கூடம் என்ன ஆச்சு?”

“வேற பொம்பள வாத்தியார் கெடைக்கல. ஆம்பள வாத்தியார்னா பொட்டப்பிள்ளைகள அனுப்ப மாட்டோம்னுட்டாக. எம்மகள அவுக அப்பா போன தையில கட்டிக் குடுத்துட்டாக. பதிமூணு வயசு. ஒங்களக் குத்தஞ் சொல்லல ஆத்தா. தூரந்தான?”

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தங்க இடம் உண்டா என்று கடிதத்தில் ஒரு வரி கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

தண்ணீரைக் குடித்துவிட்டு வேகமாகக் கிளம்பினேன். அந்தப் பிள்ளையின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.