அவளுக்குக் காட்டிய அறை

உத்திரமேரூர் கடைத்தெருவில் எங்கள் மளிகைக் கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. காய்ந்த மிளகாயும் தனியாவும் மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்க என் அப்பா, அத்தா என்றுதான் கூப்பிடுவோம், கட்டியது. மேலே சிமென்ட் சீட் கூரை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கக் கையும் காலும் விழுந்துபோனபோது, நான் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி, காப்பீட்டு வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலையில் இருந்தேன். அண்ணன் வெளிநாட்டில். அம்மாவைத் தூக்கி உட்காரவைக்க, குளிப்பாட்ட வேறு ஆள் இல்லை. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று நிறுவனம் அனுமதித்திருந்ததால் லேப்டாப்போடு ஊருக்கு வந்துவிட்டேன். கீழே கடைச் சத்தம் ஓயாது. கதவைச் சாத்திக்கொண்டு பேசக்கூடிய ஒரே இடம் அந்த மேலறைதான்.

மார்ச் பிறந்தாலே சீட் கொதிக்க ஆரம்பித்துவிடும். மின்விசிறியை வேகமாக வைத்தால் மூட்டைகளில் இருந்து மிளகாய்த் தூள் கிளம்பும். நிறுத்தினால் லேப்டாப் சூடேறி அணைந்துபோகும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து மாவு மில்லின் இரைச்சல் வாடிக்கையாளர் காதுக்கே போய்விடும். அதனால் ஜன்னலைச் சாத்தி, விசிறியை மெதுவாக ஓடவிட்டு, கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இருமல் வருவது தொண்டைக்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். மியூட் பொத்தானை அழுத்தி, இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்பேன்.

அத்தாவிடம் இதையெல்லாம் சொன்னதில்லை. சாப்பாட்டுக்குக் கீழே இறங்கும்போது, "இன்னாம்மா, கண்ணு செவந்து கீது?" என்று கேட்பார். "ஸ்கிரீன் பாத்து பாத்து அப்டி ஆயிடுது அத்தா" என்பேன். மூட்டைகளை வைக்க அவருக்கும் வேறு இடம் கிடையாது.

இந்த அறையை முழுதாகத் தெரிந்தவள் ஒருத்திதான். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள், ஹாஸ்டலிலும் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள். பக்ரீத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் அம்மாவுக்குத் தன் கையால் சோறு ஊட்டினாள். இரவு அந்த மேலறையில் பாய் விரித்துப் படுத்து, நெடி தாங்காமல் எழுந்து உட்கார்ந்து, "எப்டிடீ இதுக்குள்ள பேசிக்கினு கீற?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு அவள் எங்கள் குழுவுக்குத் தலைவி ஆனாள். எல்லாரையும்விட நான்தான் சந்தோஷப்பட்டேன்.

ஒரு கோடையில், நான் பேசும்போது இருமுவதாக ஒரு வாடிக்கையாளர் புகார் சொல்லிவிட்டார். அதை ஒட்டி, வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களின் இடம் எப்படி இருக்கிறது என்று வீடியோவில் பார்க்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. எங்கள் குழுவில் பலரும் பக்கத்து வீட்டுக் கூடத்தை இரவல் வாங்கத் தயாரானார்கள். நானும் எதிர்வீட்டு மாமியிடம் கேட்டுவைத்திருந்தேன். வெள்ளைச் சுவர், ஏசி எல்லாம் உண்டு.

அன்று காலை அவளே போன் செய்தாள்.

"மாமி வூட்டயெல்லாம் காட்டாத. உன் ரூமையே காட்டு. எல்லாத்தையும் காட்டு. நீ எவ்ளோ கஷ்டப்படுறேன்னு மேல இருக்கறவங்களுக்குத் தெரியட்டும். கூலரு, நல்ல ஹெட்செட், இருமலுக்கு லீவு எல்லாம் நான் பேசி வாங்கித் தரேன்."

"பேஜாரா ஆயிடாதே?"

"நான் இருக்கேன்ல."

அவள் கேட்டபடியே காட்டினேன். சீட்டின் மேல் நான் பரப்பியிருந்த ஈரச் சாக்குகள், மேசையைச் சுற்றி நின்ற மூட்டைகள், பழைய துணி திணித்த ஜன்னல் இடுக்கு. வெளிச்சம் போதாமல் பகலிலும் எரிந்த குழல் விளக்கைக்கூட விடவில்லை. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். "இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டு." "ஃபேன வேகமா வெச்சுக் காட்டு." வைத்தேன். தூள் பறந்து இருமல் பிடித்துக்கொண்டது. அதுவும் பதிவானது.

அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் அவள் திரையைப் பகிர்ந்தாள். என் அறை வந்தது. என் முகத்தை மட்டும் வெட்டியிருந்தாள். வேலை செய்யும் இடம் எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு இது உதாரணம் என்று, எந்தத் தடுமாற்றமும் இல்லாத குரலில் விளக்கினாள். இருமல் சத்தம் வந்ததும் யாரோ சிரித்தார்கள். அந்த இருமலைக் குழுவில் அடையாளம் தெரியாதவர் யாருமில்லை. நான் மியூட்டில்தான் இருந்தேன், ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றே மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. என் வீட்டுச் சூழல் பணிக்கு ஏற்றதல்ல. அலுவலகத்துக்கு வரலாம், அல்லது விலகிக்கொள்ளலாம். அம்மாவை விட்டுவிட்டு நான் எங்கே போவது.

அவளுக்குப் போன் செய்தேன். பலமுறை அடித்த பிறகு எடுத்தாள்.

"நீதானே காட்டச் சொன்னே."

"டீம்ல ஆளைக் குறைக்கணும்னு மேல சொல்லிட்டாங்க. யாரையாவது நான் காமிச்சே ஆவணும். இன்னா பண்றது."

"என்னைக் காமிச்சியா?"

"உன் ரூமு நெஜமாவே அப்டித்தானே கீது? நான் எதுவும் பொய் சொல்லலியே."

அவள் சொன்னது பொய்யில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

வேலை போனதை அத்தாவிடம் சொன்னபோது காரணத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கடையை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறி வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, சற்று நேரத்திலேயே இருமினார்.

"இத்தினி நாளு இதுக்குள்ளயா குந்திக்கினு இருந்தே? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

மறுநாளே மூட்டைகளைக் கடையின் பின்பக்கம் இறக்கினார். நடக்கக்கூட வழியில்லாமல் கடை நெரிசலானது. அறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, சீட்டுக்கு மேல் தென்னங்கீற்று வேய்ந்தார்.

சில மாதங்களில் வேறொரு நிறுவனத்தில் எழுதிப் பதில் அனுப்பும் வேலை கிடைத்தது. அதற்கான வீடியோ நேர்காணலில் ஒரு பெண் அன்பாகக் கேட்டாள்: "வீட்டுல எப்படி, வசதியா இருக்கா? ஏதாவது சிரமம்னா தயங்காம சொல்லுங்க, உதவி பண்ணுவோம்."

அந்தப் பெண் நிஜமாகவே உதவுகிறவளாக இருந்திருக்கலாம். வெயிலில் லேப்டாப் இன்னமும் அணைந்துபோவதைச் சொல்லியிருக்கலாம். நான் எதிர்வீட்டு மாமியின் கூடத்தில், வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"ஒரு சிரமமும் இல்ல மேடம்," என்றேன். "தனி ரூம். ஏசி இருக்கு."