பேராச்சியின் வண்டுப் பாட்டு

“ஏட்டி, உதடு ஒட்டியே இருக்கணும். பாட்டு மூக்குக்குள்ளதான் ஓடணும்” என்று பேராச்சி கிசுகிசுக்கிறாள். தாராவியில் பத்தடி அறை. சுவரோரம் பிள்ளைகள், நடுவில் பனையோலை விசிறியோடு பேராச்சி, அவளுக்குப் பின்னால் பாயில், மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து உறங்கும் கணவன் செல்லப்பாண்டி. அந்த விசிறிக்கு ஒரே நேரத்தில் இரண்டு உத்தியோகம்: பிள்ளைகளுக்குத் தாளம், புருஷனுக்குக் காற்று.

வகுப்பு முழுக்க விளையாட்டுதான். மூச்சுப் பழக, கோழி இறகைக் கீழே விழாமல் ஊதி நிறுத்த வேண்டும். பாம்பு மாதிரி ‘உஸ்’ஸென்று கடைசிவரை தாங்கும் பிள்ளைக்குக் கடலைமிட்டாய். சுருதிக்கு, வாயை மூடி வண்டாக ரீங்கரித்து, அடுத்த பிள்ளையின் முதுகில் கைவைத்து அதிர்கிறதா என்று பார்க்க வேண்டும். சட்டம் ஒன்றே ஒன்று: “உறங்குத ஆளு இருந்தா வண்டுதான். வாயத் தொறக்கப்பிடாது.”

இதில் ஏதோ சங்கீத ரகசியம் இருப்பதாகத் தெருவே நம்பியது. தோல் பட்டறை இனாயத்துல்லாவின் மனைவி பீவி மட்டும், மகள் மெஹராஜைக் கொண்டுவந்து விடும்போதெல்லாம் கேட்பாள்: “யக்கா, இவ எப்பத்தான் வாயத் தொறந்து பாடுவா?”

“பாட்டு மொதல்ல உள்ள ஊறணும் பீவி. அவசரப்பட்டா ஆவுமா?”

சொல்லிச் சொல்லிப் பேராச்சிக்கே அது சாத்திரமாகிவிட்டது. ஆனால் கல்யாணமாகி பம்பாய் வந்த நாளிலிருந்து அவளும் வாய்விட்டு ஒரு பாட்டுப் பாடியதில்லை. அந்த ஏக்கம் நெஞ்சில் கிடந்து அரித்தது.

ஊர்ச் சங்கத்தின் தகரக் கொட்டகை பகலெல்லாம் பூட்டியே கிடக்கும். சாவி தலைவர் வெயிலுமுத்துவின் இடுப்பில். பிள்ளைகள் வாய்திறந்து பாட அந்த இடத்தைத் தரும்படி பேராச்சி அவரிடம் கேட்டாள். “பொங்கல் விழாவுல பிள்ளைக பாடட்டும். என் காதுக்குப் பிடிச்சுதுன்னா மறுநாளே கொட்டகை ஒனக்கு” என்றார். பேராச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. பிள்ளைகளை ரயில்பாதை ஓரம் கூட்டிப்போய் வாயைத் திறக்கவைத்தாள். அடேயப்பா, வண்டிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

விழாவன்று மேடை நாற்காலியில் வெயிலுமுத்து. மத்தியானச் சாப்பாடு கொஞ்சம் பலம். பிள்ளைகள் முதல் அடியைக் கணீரென்று எடுத்தார்கள். பேராச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது அடியில் தலைவரின் தலை தோளில் சாய்ந்தது. முதலில் பார்த்தவள் மெஹராஜ். சட்டென்று உதட்டை ஒட்டிக்கொண்டாள். வரிசை முழுதும் ஒட்டிக்கொண்டது. மைக்கில் வண்டுகள் ரீங்கரித்தன.

“வாயத் தொறங்க, மக்கா” என்று ஓரத்திலிருந்து பேராச்சி கெஞ்சினாள். பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள், உறங்குகிறவரைப் பார்த்தார்கள். டீச்சருக்குத்தான் சட்டம் மறந்துபோயிற்று என்று நினைத்தார்களோ என்னவோ, உதட்டை இன்னும் இறுக்கினார்கள்.

அவரை எழுப்பும்படி கீழேயிருந்து செயலாளர் சைகை காட்டினார். பேராச்சி தாளம்போட வைத்திருந்த விசிறியோடு மேடையேறி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். விசிறிக் காம்பால் ஒரு குத்து போதும், கொட்டகை கைக்கு வந்துவிடும். கையை ஓங்கினாள். தலைவரின் மூக்கில் ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது. ஓங்கிய விசிறி மெல்ல இறங்கி, பழகிய தாளத்தில், அவருக்குக் காற்று வீசத் தொடங்கியது.