சாம்பல் வீரனுக்குச் சந்தனப் பொட்டு

எங்கள் ஊரில் ஆயுத பூஜையன்று சாமியைவிட இரும்புக்குத்தான் பூ அதிகம். மாடி வீடுகளை அடுக்கி வைத்த உயரத்துக்கு நிற்கிற மண்வெட்டும் இயந்திரத்தின் இடுப்பில் வாழைக்கன்று கட்டியிருப்பார்கள். பெல்ட்டுக்குப் பொட்டு, பம்புக்குப் பொட்டு, கேன்டீன் பாய்லருக்குக்கூடப் பொட்டு. அப்படி ஊரே மஞ்சளும் குங்குமமுமாய்ச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், பன்னிரண்டு வயதில், நான் அப்பாவோடு பேச்சை நிறுத்தினேன். காரணம் ஒரு சாண் உயரமுள்ள பொம்மை.

பொம்மை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அது ஆக்‌ஷன் ஃபிகர். பொம்மை என்பது கண்ணை மூடித் திறக்கும், அழும், தலையை வாரிவிடக் கேட்கும். ஃபிகர் எதையும் கேட்காது. முட்டியை மடக்கி, முஷ்டியை உயர்த்தி, இந்த உலகத்தை இன்னொரு முறை காப்பாற்றத் தயாராக நிற்கும். அவ்வளவுதான்.

தணல் வீரன் என்றொரு கார்ட்டூன் தமிழில் பேசிக்கொண்டு பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு டிவியில் வரும். எரிந்து கறுத்த உடம்பு, உடம்பெல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள் சிவப்பு. பழுப்பு நிலக்கரிக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெண்ணுக்கு அவனைவிட நெருங்கிய சொந்தம் வேறு யார்? சென்னை மாமா ஒரு லீவுக்கு வாங்கிவந்த முதல் தணல் வீரன் என் மேஜையில் நின்ற நாளிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. பிறந்தநாளுக்கு ஒன்று, முதல் ரேங்குக்கு ஒன்று, காய்ச்சலில் கசப்பு மருந்து குடித்ததற்கு ஒன்று என்று ஐந்து வீரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஆறாவது மட்டும் எந்தக் கடையிலும் இல்லை. அவன் சாம்பல் வீரன். முழுக்க எரிந்து முடித்த பிறகு, வெள்ளைச் சாம்பலாய் எழுந்து நிற்கும் தணல் வீரன். ஒரே ஒரு ஆன்லைன் கடை, கொஞ்சமே கொஞ்சம் பெட்டிகள், முன்பதிவு மட்டும்.

விஷயத்தைச் சொன்னதும் அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"சாம்பலா? நம்மூர்ல இல்லாத சாம்பலையா கம்ப்யூட்டர்ல வாங்கப் போற?"

அப்பா சுரங்கத்தில், நிலக்கரியைச் சுமந்து ஓடும் பெல்ட் செக்‌ஷனில் ஃபிட்டர். சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஊர்க்காரர். நகரியத்தின் கலப்புத் தமிழ் எல்லோர் நாக்கையும் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தாலும் அவர் நாக்கில் மட்டும் ஊர் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கோகுல்தான் எனக்கு இந்த வித்தையில் குரு, எதிரி, எல்லாமும். திருநெல்வேலிக் குடும்பம். பள்ளியில் எல்லோரையும்போலப் பேசுவான். கோபம் வந்தால் மட்டும் தாமிரபரணி பொங்கும். சேகரிப்பவர்களின் சட்டதிட்டங்களை அவன்தான் எனக்குப் படிப்பித்தான். அதில் முதல் சட்டம், அரிய பெட்டியைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அது வெறும் பிளாஸ்டிக். பிரிக்காதவரைதான் அது பொக்கிஷம். எனக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது.

முன்பதிவு ஒரு மே மாதத்து வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் திறக்கும் என்று அறிவித்திருந்தார்கள். சிக்கல் அங்கேதான். இணையம் அம்மாவின் தொடுதிரை போனில். பேங்க் கார்டுக்குரிய நம்பரோ அப்பாவின் பட்டன் போனில். ஓ.டி.பி. அங்கேதான் வரும். அப்பாவுக்கு அன்று முதல் ஷிஃப்ட். வேலை முடிவது சரியாக இரண்டு மணிக்கு. போன் ரெஸ்ட் ரூம் லாக்கரில் இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், ரிலீவர். அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து, லாக் புக்கில் 'பொறுப்பேற்றவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடும்வரை இந்த ஷிஃப்ட் ஆள் இடத்தைவிட்டு நகரக் கூடாது. நகர மாட்டார்கள். அப்பா ஒருபோதும் நகர்ந்ததில்லை. ரிலீவர் வராமல் போன தீபாவளிக்கு, எண்ணெய் வைத்த தலையோடு நாங்கள் வாசலில் காத்திருக்க, அவர் ஓடுகிற பெல்ட்டையே பார்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"அந்த ஆள்கிட்ட சொல்லிட்டேன்," என்றார் அப்பா, முதல் நாளே. "கொஞ்சம் முன்னாடியே வந்துர்றேன்னு சொல்லிருக்கான். பொண்ணுக்கு அவசரம்னு சொன்னேன். என்ன அவசரம்னு மட்டும் சொல்லல."

மறுநாள் இரண்டு மணி. நான் கூடத்துத் தரையில் அம்மாவின் போனோடு. அம்மா வீட்டுத் தொலைபேசியின் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கோகுல் அவன் வீட்டு வராந்தாவில், அவன் அப்பாவின் லேப்டாப்பைக் கும்பிடுகிற மாதிரி குனிந்து. பக்கம் திறந்தது. சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. சாம்பல் வீரன் தலை மட்டும் தெரிந்து, பிறகு தோள் வந்து, ஒரு வழியாய் முழு ஆளும் வந்து சேர்ந்தான்.

"ஓ.டி.பி. போயிருக்கும்மா! கேளு, கேளு!"

"ஏங்க, வந்துச்சா?"

ரிசீவரிலிருந்து அப்பாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. பெல்ட் இரைச்சலில் பேசிப் பழகிய குரல்.

"வந்துட்ச்சு. நாலு. சொல்லு?"

"நாலு."

"ஏழு. சொல்லு?"

"ஏழு. சீக்கிரங்க."

ஒவ்வொரு எண்ணையும் அம்மா திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்தது வந்தது. ஆறும் முடிந்ததும் அவர் விடவில்லை.

"இப்ப மொத்தமா திருப்பிச் சொல்லு."

"அவ அடிச்சிகினு இருக்காங்க!"

"சொல்லு மொதல்ல. இங்க ஒரு நம்பர் மாறிச்சின்னா எந்த பெல்ட்டு ஓடும், எவன் கை போவும், தெரியுமா உனக்கு?"

அம்மா மொத்தமாகத் திருப்பிச் சொன்னதில் நான் அடித்த எண் குழம்பி, அதைச் சரிசெய்வதற்குள் நேரம் கடந்துவிட்டது என்று திரை சிவந்தது. நான் அலறினேன். அம்மாவுக்கு அன்று வந்த ஆவேசம் எந்தக் கார்ட்டூனிலும் வந்ததில்லை.

"உங்க மைன்ஸையெல்லாம் வூட்டுக்கு வந்து பேசிக்கலாம்! இப்ப வர்ற நம்பர மூச்சு விடாம சொல்லுங்க!"

அப்பா மூச்சு விடாமல் சொன்னார். பச்சை நிறத்தில் ஒரு சரிக் குறி வந்தது. அடுத்த நொடியே அந்தப் பக்கத்தில் 'இருப்பு இல்லை' என்று மாறியது. ஜன்னலுக்கு அப்பால் கோகுல் லேப்டாப்பை மூடி, அதன் மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டான்.

மாலை வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"ஏட்டி, நீ மட்டும் பெட்டிய பிரிச்சேன்னு வையி, ஆயுசுக்கும் ஒன்கூட பேச மாட்டேன்."

என் தலையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன்.

பிறகு வந்ததெல்லாம் காத்திருப்பு. ஜூலையில் வரும் என்றார்கள். ஜூலையில், ஆகஸ்டில் என்றார்கள். ஆகஸ்டில், வருந்துகிறோம் என்றார்கள். முந்திரி மரங்களுக்கு அடியில் சருகு சேர்ந்தது, மழை வந்து சருகை நசுக்கியது. நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு லாக் புக் எழுத ஆரம்பித்தேன். அப்பா வீட்டில் வைத்திருந்த பழைய லாக் புக்கைப் பார்த்துக் கற்றதுதான். முதல் ஷிஃப்ட்: மெயில் பார்த்தேன், தகவல் இல்லை. இரண்டாம் ஷிஃப்ட்: தகவல் இல்லை. அப்பாவுக்கும் எனக்கும் ஷிஃப்ட் இருந்தது. இருவரும் எழுதினோம்.

ஒரு நாள் அப்பா அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மூன்று பக்கம் படித்தார்.

"எல்லாம் சரியாதான் எழுதிகினு வர்ற. கடைசில ஒப்படைச்சவர், பொறுப்பேற்றவர், ரெண்டு கையெழுத்துக்கும் எடம் வுடணும். இல்லைனா அது லாக் புக் கெடையாது, டைரி."

"எனக்கு யாருப்பா ரிலீவர்?"

"அதுவும் சரிதான்," என்றார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "எங்க பெல்ட்டு ரோலர் ஒண்ணு ஆர்டர் போட்டு வருஷக்கணக்கா வந்துகினே இருக்குது. வுடாத. எழுது," என்றார்.

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்பு பார்சல் வந்தது. கோகுலும் நானும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெளி அட்டையை மட்டும் பிரித்தோம். உள்ளே கண்ணாடி போன்ற முகப்புள்ள பெட்டி, ஓரத்தில் வெள்ளி நிற முத்திரை, முத்திரையில் எண். உள்ளே சாம்பல் வீரன், உதடு மூடி, எங்களைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு. கோகுல் பெட்டியைத் தொடவில்லை. அதன் முன் மூச்சு விடவே பயந்தான். நோட்டில் எழுதினேன்: 'பொருள் வந்து சேர்ந்தது. சீல் உடையவில்லை.' பெட்டியைத் துணியில் சுற்றிப் பீரோவின் மேல் வைத்தேன்.

பூஜையன்று காலை கோகுல் வீட்டாரோடு நானும் வொர்க்‌ஷாப் அலங்காரத்தைப் பார்க்கப் போனேன். அன்று ஒருநாள் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். பொரி, கடலை, மஞ்சள் தோய்ந்த இரும்பு வாசனை, ஆளுயர ஸ்பேனருக்கு அருகம்புல் மாலை. திரும்பி வந்து, வாசலில் செருப்பை உதறிவிட்டு, கூடத்துக்குள் நுழைந்தேன்.

சுவரோரம் பலகை. பலகையில் அப்பாவின் ஹெல்மெட். அதன் இடப்பக்கம் பைப் ரிஞ்ச், வலப்பக்கம் அம்மாவின் தையல் கத்தரி. நட்ட நடுவில், ஹெல்மெட்டுக்கு ஒரு விரல் முன்னால், சாம்பல் வீரன். வெட்டவெளியில். நெற்றியில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், கழுத்தில் ஒற்றைச் சாமந்தி. பிரித்த பெட்டி அழகாகத் தட்டி மடித்து, பழைய செய்தித்தாள்களோடு.

என் தொண்டையிலிருந்து என்ன வந்தது என்று எனக்கு நினைவில்லை. கோகுல் சொல்வான், ஷிஃப்ட் சங்கு என்று நினைத்ததாக.

"ஏம்பா பிரிச்சீங்க? யாரு பிரிக்கச் சொன்னது?"

அப்பா கையில் கற்பூரத் தட்டோடு நின்றார். தப்பு நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. எது என்றுதான் தெரியவில்லை.

"ஆயுதத்தப் பொட்டிக்குள்ள வெச்சிகினு யாராவது கும்புடுவாங்களாம்மா?"

"அது ஆயுதம் இல்ல! பிரிச்சா ஒண்ணுத்துக்கும் ஆவாது! உங்களுக்கு ஸ்பேனர விட்டா என்னப்பா தெரியும்?"

அம்மா என் பெயரைச் சொல்லி அதட்டினாள். அப்பாவின் தட்டில் கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. கோகுல் மெல்லப் பலகையருகே குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான். ஆயுசுக்கும் பேச மாட்டேன் என்றவன், கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். ஒரு விரலை நீட்டினான்.

"ஏட்டி, விரல்கூட மடங்குது பாரு."

நான் பார்க்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை அன்றுதான் கையில் எடுத்து, பெயருக்காவது ஒரு வேலை செய்யவேண்டும். அம்மா கத்தரியை எடுத்து ஒரு துண்டுத் துணி வெட்டினாள். அப்பா ரிஞ்சை எடுத்துக் குழாயை ஒரு சுற்று முறுக்கி, மறுபடி தளர்த்தினார். வீரனைத் தொடவில்லை. எனக்குக் கேட்கிற மாதிரி ஒருமுறை, "உன்னுது அங்கியே இருக்குதும்மா," என்றார். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். லீவு நாளென்றால் சீட்டாட நண்பர் வீட்டுக்குப் போய்விடுகிறவர், அன்று சாப்பிட்டுவிட்டும் போகவில்லை. பலகைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடிக்கப் போனபோது ஒருமுறை பார்த்தேன். வெயில் சாயும் நேரத்தில் இன்னொருமுறை பார்த்தேன். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் அம்மாவே எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள்.

கோபம் இரண்டு வாரத்தில் தீர்ந்தது. வீரன் என்னோடு விடுதிக்கு வந்தான், வேலைக்கு வந்தான், இப்போது இதை எழுதுகிற மேஜையிலும் நிற்கிறான். பெட்டியோடு இருந்திருந்தால் எந்தப் பரணில் இருந்திருப்பானோ. அந்த நோட்டை மட்டும் நான் மறந்தே போனேன்.

போன மாதம் அப்பா ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாமான் கட்டப் போயிருந்தேன். வாசலில் லாரிக்காரரிடம் அப்பா, பீரோவை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று பெல்ட் குரலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பூஜைச் சாமான் டிரங்குப் பெட்டியின் அடியில் அந்த நாற்பது பக்க நோட்டு கிடந்தது. அட்டையில் காய்ந்து வெடித்த சந்தனப் பொட்டு. வீரனின் காலுக்குக் கீழே அன்று அதையும் வைத்திருக்கிறார். நான் பெட்டியைப் பார்த்து அழுததில் அது என் கண்ணில் படவேயில்லை.

நான் எழுதிய கடைசி வரிக்குக் கீழே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அப்பாவின் குண்டு எழுத்து:

'சீல் பிரித்தது நான். எல்லா ஜாயின்ட்டும் செக் செய்தேன். நல்ல கண்டிஷன். டியூட்டிக்குத் தயார்.'

அதற்கும் கீழே, ஒப்படைத்தவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து. தேதி, விஜயதசமி. பொறுப்பேற்றவர் என்ற இடம் காலியாக இருந்தது.

ரிலீவர் வராமல் அவர் இடத்தைவிட்டு நகர மாட்டார் என்று அந்தப் பன்னிரண்டு வயதிலேயே எனக்குத் தெரியும். சுவரில் சாய்ந்திருந்தவர் தூங்கவில்லை என்பதுதான் தெரியவில்லை.